கிரேக்கர்களைப் பிரித்தது மலைதான் என்றால், சேலத்துக்காரர்கள் ஏன் பிரியவில்லை?

மலைப்பாதை20:

வணக்கம். ஏற்காட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் சில பசங்களுக்குச் சாயங்காலத்தில் வரலாறு சொல்லித் தருகிறேன். பண்டைய கிரேக்கம் என்று வந்தால் எந்த வழிகாட்டி நூலைத் திறந்தாலும் ஒரே விளக்கம்தான்: மலைகளால் துண்டுபட்ட நிலம், ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனியாகக் கிடந்தது, அதனால் ஒவ்வொன்றும் தனி நகர அரசு ஆகிவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்று பார்த்தால் ஒரு பெண் விடவில்லை. "நம்மளச் சுத்தியும் மலைதானே சார், நாம ஏன் தனித்தனி நாடா ஆகல?"

யோசித்தால் நியாயமான கேள்வி. சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை, கிழக்கே கல்வராயன், தர்மபுரி போக வேண்டுமென்றால் தொப்பூர் கணவாய். மலை இல்லாத திசையே நமக்குக் கிடையாது. ஏதென்ஸுக்கு வடக்கே நிற்கும் பார்னிதா மலை 1,400 மீட்டர் சொச்சம், நம் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியோ 1,600-ஐத் தாண்டும். ஏதென்ஸின் சொந்த நிலமான அட்டிகா மொத்தமே சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், அதாவது இன்றைய சேலம் மாவட்டத்தில் பாதிகூட வராது.

கிரேக்கர்களுக்கு மொழி ஒன்று (வட்டார வழக்குகள் வேறு, ஆனால் புரிந்துகொள்வார்கள்), சாமிகள் ஒன்று, ஒலிம்பியாவில் சேர்ந்து ஓடினார்கள், டெல்ஃபியில் சேர்ந்து குறி கேட்டார்கள். அப்படி இருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர அரசுகள், அதுவும் நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டே. மலை மட்டும்தான் காரணமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தேர்வுக்கு வேண்டிய இரண்டு வரி எனக்கே தெரியும், அதற்கு மேல் வேண்டும்.


ஓமலூரான்:

மலையை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள் அண்ணா. நம் மலைகள் தனித்தனித் திட்டுகளாக நிற்பவை, நடுவில் எல்லாம் சமவெளி. சேலத்திலிருந்து காவிரிக் கரை வரைக்கும் ஒரு மேடு ஏறாமல் மாட்டு வண்டியிலேயே போய்விடலாம். கிரேக்கத்தில் அப்படி இல்லை. பிண்டஸ் தொடர் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி, அதன் கிளைகள் கடலுக்குள் போய் முடிகின்றன, கடலுக்கு நடுவில் எட்டிப் பார்க்கும் தீவுகள்கூட அந்தத் தொடரின் தலைகள்தான். நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் மலை. இடையில் சின்னச் சின்ன சமவெளிகள், அவற்றில் பாதிக்கு வாசல் கடல் பக்கம் மட்டும்.

அப்புறம் ஆறு. இங்கே காவிரி ஒன்று போதும், கரையைப் பிடித்தவன் மேலேயும் கீழேயும் ஆளலாம், வாய்க்கால் வெட்டலாம், வரி வாங்கலாம். ஏதென்ஸின் இலிசோஸ், கெஃபிசோஸ் இரண்டும் கோடையில் நம் திருமணிமுத்தாறு மாதிரிதான், சாக்கடையைக் கழித்துவிட்டுப் பார்த்தால். ஏதென்ஸில் ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவுதான் மழை, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். நமக்கு அதுபோல இரண்டு பங்குக்கு மேல் பெய்கிறது, அப்படியும் நாம் புலம்புகிறோம். அங்கே ஐப்பசி கார்த்திகையில் விதைத்து வைகாசி வாக்கில் அறுக்க வேண்டும், கோதுமை பல இடத்தில் ஏறாது, பார்லிதான். சரிவுகளில் ஆலிவ், திராட்சை. பெரிய பாசனம் என்ற தேவையே எழாதபோது அதை நடத்தப் பெரிய அரசு எதற்கு?

இதோடு கடலைச் சேர்த்துப் பாருங்கள். தெற்கு கிரேக்கத்தில் எந்த ஊரிலிருந்து நடந்தாலும் இரண்டு மூன்று நாளில் கடல் வந்துவிடும். ஆள் பெருகி நிலம் போதவில்லை என்றால் பக்கத்துப் பள்ளத்தாக்கோடு சேர்ந்து வாழ யோசிப்பதைவிடக் கப்பல் ஏறுவது அவர்களுக்கு எளிது. கொரிந்த்காரர்கள் கி.மு. 733 வாக்கில் சிசிலியில் சிராகூஸ் போட்டார்கள், மெகாராக்காரர்கள் பைசாண்டியம் (இன்றைய இஸ்தான்புல்), ஃபொகாயாக்காரர்கள் கி.மு. 600 வாக்கில் பிரான்ஸின் மார்செய். இவை தாய் ஊருக்கு அடங்கிய மாவட்டங்கள் இல்லை, போன இடத்தில் எல்லாம் தனித்தனி அரசுகள். கருங்கடல் பக்கத்துத் தானியம் கப்பலில் வரும்போது சின்ன ஊரும் தனியாகப் பிழைத்துக்கொள்ளலாம். ஆக மலை பிரித்தது, கடல் அந்தப் பிரிவைத் தாங்கிப் பிடித்தது. எனக்கு இதில் குழப்பமே இல்லை.


குகை செல்வி:

ஓமலூரான் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் வரைபடத்தை வைத்துச் சரிபார்த்தால் நிற்காது.

முதலில் போயோஷியா. ஏதென்ஸுக்கு வடமேற்கே இருக்கும் நல்ல அகலமான சமவெளி. மலை விளக்கம் உண்மையென்றால் அங்கே ஒரே அரசுதானே இருக்க வேண்டும்? தீப்ஸ், ஓர்கோமினோஸ், தெஸ்பியாய், தனக்ரா, பிளாட்டியா, கொரோனியா, ஹாலியார்டோஸ் என்று வரிசையாக நகர அரசுகள். தீப்ஸுக்கும் பிளாட்டியாவுக்கும் இடையே சுமார் 13 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சேலம் - ஓமலூர் தூரம்தான், நடுவில் அசோப்போஸ் என்ற சின்ன ஆறு. அந்த 13 கிலோமீட்டர் பகை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? பிளாட்டியாக்காரர்கள் பக்கத்து வீட்டு தீப்ஸை நம்பாமல் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏதென்ஸோடு கூட்டுச் சேர்ந்தார்கள். கி.மு. 490-ல் மராத்தானில் பாரசீகரை எதிர்த்து ஏதென்ஸுக்குத் துணையாக வந்து நின்ற ஒரே ஊர் அதுதான். கி.மு. 431-ல் தீப்ஸ் ஆட்கள் 300 பேருக்குக் கொஞ்சம் அதிகமாக, ராத்திரியில் உள்ளாள் கதவு திறந்துவிட, பிளாட்டியாவுக்குள் புகுந்தார்கள். பின்னால் வர வேண்டிய பெரும்படை மழையில் அசோப்போஸ் பெருகியதால் தாமதமானது, உள்ளே போனவர்கள் மாட்டிக்கொண்டு செத்தார்கள். பெலொப்பொனீசியப் போர் என்று நாம் படிக்கும் 27 வருடச் சண்டையின் முதல் அடி இதுதான். இதில் மலை எங்கே வந்தது?

இரண்டாவது, தீவுகள். கீயோஸ் என்று ஒரு தீவு, 130 சதுர கிலோமீட்டர் அளவு, அதில் நான்கு நகர அரசுகள். லெஸ்போஸில் ஐந்து. நம் ஊரில் சில பஞ்சாயத்து சேர்ந்த இடத்தில் நான்கு அரசு, நான்கு சட்டம், நான்கு பேரவை. கடல் சுற்றி வளைத்து ஒன்றாக்கி வைத்த இடத்திலேயே அவர்கள் ஒன்றாகவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். அதே மலை, அதே கடல், ஆனால் அதற்கு 700 வருடம் முன்னால் நிலைமை வேறு. மைசீனியக் காலத்தில் (நகர அரசுகளுக்கு முன்பு அரண்மனை ராஜாக்கள் ஆண்ட காலம்) பைலோஸ் அரண்மனை தன் ஆட்சிப் பகுதியை மலைக்கு இந்தப் பக்கம், மலைக்கு அந்தப் பக்கம் என்று இரண்டு மாகாணமாகவே பிரித்து, இரண்டிலும் வரி வாங்கியது. எந்த ஊர் எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தப் பட்டறைக்கு எவ்வளவு வெண்கலம், ஆட்டுக் கிடையில் எத்தனை தலை என்று களிமண் பலகையில் கணக்கு. கி.மு. 1180 வாக்கில் அரண்மனை எரிந்தபோது அந்தப் பலகைகள் சுட்ட செங்கலாகி நமக்குக் கிடைத்தன. 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டியபோதுதான் அது கிரேக்க மொழி என்றே உலகத்துக்குத் தெரிந்தது. மலை அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. தாலுகா ஆபீஸ் மாதிரி ஒரு நிர்வாகமும் அதன் மேலேயே நடந்தது.

இதெல்லாம் போதாதென்றால் ஸ்பார்ட்டா. அதன் சொந்த நிலமான லகோனியாவுக்கும் பக்கத்து மெசீனியாவுக்கும் நடுவே டைகெட்டஸ் மலை, 2,400 மீட்டர், ஏற்காட்டைவிடக் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், பனி படியும். கிரேக்கத்தில் யாரையாவது மலை தடுத்திருக்க வேண்டுமென்றால் இவர்களைத்தான். அவர்கள் அதைத் தாண்டிப் போய் மெசீனியாவை முழுதாக விழுங்கினார்கள்.


மலைப்பாதை20:

செல்வி அக்கா, கீயோஸ் விஷயம் எனக்குப் புதுசு. ஆனால் ஒரு விளக்கத்தை உடைத்துவிட்டுப் போனால் பசங்களிடம் நான் என்ன சொல்வது? மலை இல்லை என்றால் வேறு எது?


ஆத்தூர் வாத்தியார்:

தம்பி, மலையை விட்டுவிட்டு, அந்த ஊர்களில் "குடிமகன்" என்றால் யார் என்று பாருங்கள். அங்கேதான் முடிச்சு.

செல்வி சொன்ன அரண்மனைகள் கி.மு. 1200-ஐ ஒட்டி ஒவ்வொன்றாக விழுந்தன. ஏன் விழுந்தன என்பது தனிச் சண்டை, அதற்குள் போகவில்லை. விழுந்த பிறகு எழுத்தே மறந்து போனது, ஃபினீசியரிடமிருந்து புது எழுத்தை எடுத்துக்கொள்ளும் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு வரை. மேலே இருந்த பெரிய ராஜா போய்விட்டான், அவன் காலத்தில் கீழ்மட்டத்தில் அதிகாரம் பண்ணியவன் தன் ஊருக்குத் தானே தலைவன் ஆனான். பிறகு அவனையும் ஓரங்கட்டிவிட்டு நிலம் வைத்திருந்த குடும்பங்கள் சேர்ந்து ஆண்டன. ஆக நகர அரசு என்பது ஒரு ராஜா பிடித்து வைத்த நிலம் இல்லை, நிலம் வைத்திருந்த ஆண்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட ஒரு கூட்டு. கேடயம், ஈட்டி, மார்க்கவசம் எல்லாம் அவரவர் காசில் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பவன்தான் பேசும் உரிமை உள்ளவன்.

ஏதென்ஸில் என்ன நடந்தது? கடன் வாங்கிய ஏழை விவசாயி உடம்பையே ஈடு வைத்தான், கட்ட முடியாவிட்டால் அடிமையாக விற்கப்பட்டான், சிலர் வெளிநாட்டுக்கே போனார்கள். கி.மு. 594-ல் சோலன் வந்து அந்தக் கடன்களைத் தள்ளுபடி செய்தார், ஆளை ஈடு வைத்துக் கடன் வாங்குவதையே தடை செய்தார். நல்ல காரியம்தான், ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாடப் புத்தகம் சொல்லாது. குடிமகனை அடிமையாக்க முடியாது என்றானதும் பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் ஆள் எங்கிருந்து? திரேஸ், கருங்கடல் பக்கம், சின்ன ஆசியாவிலிருந்து வாங்கி வந்தார்கள். லாரியன் வெள்ளிச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கில் அடிமைகள். உள்ளே இருப்பவனுக்குச் சுதந்திரம் கூடக் கூட வெளியே இருப்பவனுக்கும் அவனுக்கும் இடையே சுவர் உயர்ந்துகொண்டே போனது.

அப்புறம் கி.மு. 508-ல் கிளைஸ்தனீஸ். உங்கள் மாணவியின் கேள்விக்கு நேர் பதில் இவரிடம் இருக்கிறது. அட்டிகாவுக்குள்ளேயே ஹைமெட்டஸ், பென்டெலிகஸ் என்று மலைகள். அவருக்கு முந்தைய தலைமுறைகளில் சமவெளிக்காரன், கடற்கரைக்காரன், மலைக்காரன் என்று மூன்று கட்சியாக முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் என்ன செய்தார், 139 ஊர்களை எடுத்து, கடற்கரையிலிருந்து ஒரு கொத்து, நகரத்திலிருந்து ஒரு கொத்து, உள்நாட்டிலிருந்து ஒரு கொத்து என்று கோத்து 10 பிரிவாக்கினார். ஒரே பிரிவில் இருப்பவர்கள் போரில் ஒரே அணியில் நிற்க வேண்டும், 500 பேர் சபைக்கு ஒவ்வொரு பிரிவும் 50 பேரை அனுப்ப வேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரனும் இந்தப் பக்கத்துக்காரனும் தோளோடு தோள் நின்றாக வேண்டிய ஏற்பாடு. மனசு வைத்தால் மலையைத் தாண்டி ஒன்றாகலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அதே ஏற்பாட்டை மெகாராவுக்கோ தீப்ஸுக்கோ நீட்ட அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஏன் தோன்றவில்லை என்றால், குடியுரிமை ஒரு பங்கு. கி.மு. 483-ல் லாரியனில் வெள்ளி நிறைய கிடைத்தபோது ஏதென்ஸ்காரர்களின் முதல் யோசனை ஆளுக்கு 10 டிராக்மா பிரித்துக்கொள்வதுதான், தெமிஸ்டாக்ளிஸ்தான் பேசிப் பேசி அதைக் கப்பல் கட்டத் திருப்பினார், அந்தக் கப்பல்கள்தான் மூன்று வருடம் கழித்து சலாமிஸில் பாரசீகரை உடைத்தன. நம் பக்கத்துக் கிராமங்களில் ஏரி மீன் குத்தகைப் பணத்தைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள் பாருங்கள், அங்கே போய் வெளியூர்க் குடும்பம் ஒன்றைத் தலைக்கட்டில் சேர்க்கச் சொல்லுங்கள், நடக்குமா? கி.மு. 451-ல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டம் இன்னும் இறுக்கியது: அப்பாவும் அம்மாவும் இருவருமே ஏதென்ஸ் குடியாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. ஜனநாயகம் உச்சத்தில் இருந்த காலத்தில்தான் இந்தச் சட்டம் என்பதைக் கவனியுங்கள்.

ஸ்பார்ட்டா மெசீனியாவை விழுங்கியது சரி, ஆனால் சேர்த்துக்கொண்டதா? இல்லை. அங்கிருந்தவர்களை ஹெலட் என்னும் நில அடிமையாக்கி, விளைச்சலில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. கி.மு. 464-ல் பெரிய நிலநடுக்கம் வந்த உடனே ஹெலட்டுகள் கலகம் செய்து இதோமே மலையில் ஏறிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் பதவி ஏற்கும் எஃபோர் என்னும் ஐந்து அதிகாரிகள் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்களாம், கொன்றால் பாவம் ஒட்டாது என்பதற்காக. ஏழு வயதில் பையனை வீட்டிலிருந்து பிரித்து முகாமில் போட்டு வளர்ப்பது வீரத்தின் மேல் உள்ள காதலால் என்று பசங்களுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள், அந்த ஊர் தன் வேலைக்காரர்களைப் பார்த்தே பயந்து நடுங்கிய ஊர். பொதுச் சாப்பாட்டுக்குப் பங்கு கொடுக்க முடியாதவன் குடியுரிமையை இழந்தான், ஆனால் புதிதாக யாரையும் சேர்ப்பது மிகமிக அரிது. கி.மு. 480-ல் 8,000 பேர் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் குடிமக்கள், அரிஸ்டாட்டில் காலத்தில் ஆயிரம்கூட இல்லை.


அடிவாரத்தான்:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். ஆனால் எல்லோரும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டீர்கள். நாம் மட்டும் எப்போதும் ஒன்றாக இருந்தோமா என்ன? சங்க காலத்தில் இந்தப் பகுதியே மலைக்கு ஒரு தலைவன்தான். கொல்லிமலைக்கு ஓரி (1997 வரைக்கும் அது நம் சேலம் மாவட்டம்தான்), தகடூருக்கு அதியமான், முள்ளூர் மலைக்குக் காரி. மூவரும் தமிழ்தான் பேசினார்கள், ஒரே புலவர்களுக்குத்தான் பரிசு கொடுத்தார்கள், அப்படியும் காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை முடித்தான். ஆகவே மலை குறுநில அரசை உண்டாக்கும் என்பது நம் ஊரிலேயே நிரூபணம் ஆன விஷயம்.

வித்தியாசம் என்னவென்றால், இங்கே காவிரி, வைகை, பொருநைக் கரையில் நெல் விளைந்தது. அந்த நெல்லை வைத்துப் படை வைத்திருந்த பெரிய ராஜாக்கள் மலைத் தலைவர்களை விழுங்கினார்கள். கிரேக்கத்தில் விழுங்கும் அளவுக்கு வயிறு பெருத்த சமவெளி அரசு கிடையாது. வடக்கே மாசிடோனியாவில் ஹாலியாக்மோன், அக்ஸியோஸ் என்று கோடையிலும் ஓடும் ஆறுகள், நல்ல மேய்ச்சல், காடு, ஒரே ராஜா. அங்கிருந்து கி.மு. 338-ல் இரண்டாம் ஃபிலிப் இறங்கி வந்து கைரோனியாவில் ஏதென்ஸையும் தீப்ஸையும் சேர்த்து அடித்தான், கதை முடிந்தது. ஓமலூரான் சொன்னதுதான் சரி, கொஞ்சம் சுற்றி வந்து.


குகை செல்வி:

ஓரி, அதியமான் ஒப்பீடு பிரமாதம், இதை நான் யோசிக்கவில்லை. ஆனால் தெசலியை என்ன செய்வீர்கள்? மாசிடோனியாவுக்குத் தெற்கே, கிரேக்கத்தின் பெரிய சமவெளி அதுதான், பெனேயோஸ் ஆறு, குதிரை, தானியம் எல்லாம் உண்டு. உங்கள் கணக்குப்படி விழுங்குகிற அரசு அங்கேதான் பிறந்திருக்க வேண்டும். பிறந்தது என்ன? லாரிசாவில் ஒரு பிரபு வம்சம், ஃபெராயில் ஒன்று, ஃபார்சலோஸில் ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தலைவன் அபூர்வமாகத்தான் தேறினான். சமவெளி இருந்தும் தேறவில்லை.

ஓரிக்கும் ஏதென்ஸுக்கும் இன்னொரு வித்தியாசம். ஓரி செத்தால் கொல்லிமலை கை மாறிவிடும், ஏனென்றால் அது ஓரியின் நாடு. ஒரு கிரேக்க நகரத்தில் தலையை வெட்டினாலும் ஆயிரக்கணக்கான பங்காளிகள் கேடயத்தோடு மிச்சம் இருப்பார்கள். அதனால்தான் அவர்கள் சண்டைகளில் பெரும்பாலானவை எல்லை நிலத்துக்காக நடந்து, எல்லை நிலத்தோடு நின்றன. யூபியா தீவில் கால்கிஸும் எரெட்ரியாவும் லெலாண்டைன் சமவெளி என்ற ஒரே ஒரு வயல்வெளிக்காக மோதின, கூட்டாளிகள் வெகு தூரத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். கி.மு. 546 வாக்கில் தைரியா என்ற எல்லைப் பகுதிக்காக ஸ்பார்ட்டாவும் ஆர்கோஸும் ஆளுக்கு 300 பேரை மட்டும் இறக்கி முடிவு பண்ணலாம் என்று ஒப்பந்தம் போட்டன. ராத்திரி ஆகும்போது ஆர்கோஸில் இரண்டு பேர், ஸ்பார்ட்டாவில் ஒருவர் மிச்சம். ஆர்கோஸ்காரர்கள் இரண்டு பேரும் ஜெயித்துவிட்டோம் என்று ஊருக்கு ஓடினார்கள், ஸ்பார்ட்டாக்காரர் களத்திலேயே நின்று எதிரிகளின் ஆயுதங்களை உரித்துக்கொண்டார். மறுநாள் யார் ஜெயித்தது என்று வாய்ச்சண்டை, அது முற்றி முழுப் படையும் மோதியது. ஹெரோடோட்டஸ் இதை ரசித்து எழுதியிருக்கிறார்.

பாரசீகர் வந்தபோதாவது ஒன்றானார்களா என்றால், டெல்ஃபியில் நிறுத்திய வெண்கலப் பாம்புத் தூணில் (இப்போது இஸ்தான்புல்லில் நிற்கிறது) எதிர்த்து நின்ற 31 ஊர்ப் பெயர்தான் இருக்கிறது. ஆயிரத்தில் 31. தீப்ஸ் எதிரணியில் இருந்தது.

அதற்குப் பிறகு ஏதென்ஸ் பாரசீகருக்கு எதிராக டெலோஸ் கூட்டணியை ஆரம்பித்தது, முதல் வருடத்துக் கப்பம் 460 தாலந்து என்கிறார் வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ். கி.மு. 454-ல் கஜானாவையே ஏதென்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாக்ஸோஸ் விலகப் பார்த்தது, அடித்தார்கள். மெலோஸ் சேர மறுத்தது, கி.மு. 416-ல் ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். வரி கொடுக்கும் ஊர்கள் நூற்றுக்கு மேல் கையில் இருந்தபோதும் அவர்களுக்குக் குடியுரிமை தருவதைப் பற்றி ஏதென்ஸ் யோசிக்கவில்லை. ஊர் அழிந்து அகதியாக வந்த பிளாட்டியாக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். அதை விட்டால் கி.மு. 405-ல், ஈகோஸ்பொட்டாமியில் ஸ்பார்ட்டாவிடம் கடற்படை ஏறக்குறைய முழுவதும் போன பிறகு, விசுவாசமாக இருந்த சாமோஸ் தீவுக்காரர்களை எல்லாம் ஏதென்ஸ் குடிகள் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த வருடம் ஏதென்ஸே சரணடைந்தது. இத்தாலியில் தோற்ற ஊர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்துக்கொண்ட ரோமைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாத்தியார் ஐயா சொல்வது விளங்கும். ரோமுக்கும் மலை உண்டு, இத்தாலி நடுவே ஆப்பனைன் முழு நீளத்துக்கும் ஓடுகிறது.

ஐயாவுக்கு ஒரு சின்னக் குறுக்கீடு. பங்காளிகள் பங்காளிகள் என்று நாம் பேசுவது முழுக்க ஆண்களைத்தான். ஏதென்ஸில் குடியுரிமை கடத்துவதற்கு அம்மா வேண்டும், ஆனால் அந்த அம்மா பேரவைக்குள் கால் வைக்கக் கூடாது, பெரிய சொத்தைத் தன் பெயரில் விற்கக்கூட முடியாது. ஸ்பார்ட்டாவில் பெண்கள் நிலம் வைத்திருந்தார்கள், நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் போய்விட்டது என்று அரிஸ்டாட்டில் குறைப்பட்டுக்கொள்கிறார். அந்த ஊர் கெட்டதற்கே அவர் சொல்லும் காரணங்களில் அதுவும் ஒன்று, பாவம்.


ஐந்துரோடு:

நல்ல விவாதம், ஆனா தேர்வுல "மலைகளே காரணம்" என்ற கட்டத்தைத்தான் கருப்பாக்கணும். இதையெல்லாம் படிச்சுட்டு பசங்க "மேற்கண்ட எதுவுமில்லை"-யைத் தொட்டா ஒரு மார்க் போச்சு 😄


ஓமலூரான்:

ஐந்துரோடு சொன்னது கொள்குறி வினாவுக்குத்தான். விரிவான விடையில் செல்வி அக்காவின் போயோஷியாவையும் கிளைஸ்தனீஸையும் போட்டால் மதிப்பெண் தானாக வரும். ஆனால் என் கட்சியை நான் விடவில்லை. பங்காளிக் கூட்டு இவ்வளவு சின்னதாக இருக்க முடிந்ததே நிலம் சின்னச் சின்னதாகக் கிடந்ததால்தான். நைல் கரையில் கீயோஸ் மாதிரி நான்கு அரசு நான்கு நாள் தாங்காது.


ஆத்தூர் வாத்தியார்:

ஓமலூரான் தம்பி, அவ்வளவு தூரம் நானும் வருகிறேன். தனியாக இருப்பதற்கு மலை வசதி செய்து கொடுத்தது. தனியாகத்தான் இருப்போம் என்று முடிவு செய்தது மனிதர்கள். அரிஸ்டாட்டில் நல்ல நகரம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று பேசும்போது, ஒரே அறிவிப்பாளனின் குரல் எல்லோருக்கும் எட்ட வேண்டும், ஒருவர் குணம் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீர்ப்பும் பதவியும் தப்பாகப் போகும் என்கிறார். பெரிய அரசு கட்ட முடியாமல் தோற்றவன் பேச்சு இல்லை இது. பெரிய அரசு வேண்டாம் என்பவன் பேச்சு. ஏதென்ஸ் பேரவை கூடிய ப்னிக்ஸ் குன்றில் சுமார் 6,000 பேர் உட்காரலாம், சில முக்கியமான தீர்மானங்களுக்கு அத்தனை வாக்கு வேண்டும் என்றே விதி. பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல். இந்த ஆட்சி முறையை மலைக்கு மலை நீட்டினால் தூரத்து ஊர்க்காரன் நான்கு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு ஓட்டுப் போட வர வேண்டும். பிரதிநிதியை அனுப்பி ஆள்வது என்ற யோசனை போயோஷியக் கூட்டமைப்பு போன்ற இடங்களில் இருந்தது, ஆனால் அங்கேயும் தீப்ஸின் கைதான் ஓங்கியது, பிளாட்டியா கடைசி வரை அதனால்தான் முறைத்தது.


மலைப்பாதை20:

எல்லோருக்கும் நன்றி, இது நான் எதிர்பார்த்ததைவிட நிறைய. கடைசியாக ஒன்று. அடித்துச் சேர்த்தது வேண்டாம், தானாக விரும்பி இரண்டு மூன்று நகர அரசுகள் ஒன்றாகக் கலந்த உதாரணம் இருக்கிறதா? இருந்தால் பசங்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன்.


குகை செல்வி:

இருக்கிறது, ரோட்ஸ் தீவு. லிண்டோஸ், இயாலிசோஸ், காமிரோஸ் என்று மூன்று நகர அரசுகள், கி.மு. 408-ல் சேர்ந்து தீவின் வடக்கு முனையில் ரோட்ஸ் என்ற புது நகரத்தையே கட்டிக்கொண்டார்கள். பழைய ஊர்கள் அழியவில்லை, கோயிலும் உள்ளூர் நிர்வாகமும் அங்கேயே தொடர்ந்தன, வெளியுலகத்துக்கு மட்டும் ஒரே அரசு. பிறகு கிழக்குக் கடல் வணிகத்தில் பெரிய புள்ளி ஆனார்கள், துறைமுகத்தில் அந்தப் பெரிய வெண்கலச் சிலை வைக்கும் அளவுக்கு.

நேர் எதிர் உதாரணமும் சொல்லிவிடுங்கள். கி.மு. 390-களில் கொரிந்தும் ஆர்கோஸும் ஒன்றாகக் கலக்கப் பார்த்தன. கொரிந்தில் ஒரு கட்சிக்கு அது பிடித்தது, இன்னொரு கட்சி எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போட்டார்களே என்று கொதித்தது, ஊருக்குள் கொலை விழுந்தது. கி.மு. 386-ல் பாரசீக ராஜா தலைமையில் ஒரு சமாதானம் வந்தது, எல்லா கிரேக்க ஊரும் தனித்தனியாகச் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் முக்கிய நிபந்தனை. அவனுக்கு அதுதானே வசதி. ஸ்பார்ட்டா அதைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டியதும் ஆர்கோஸ் படை கொரிந்தை விட்டு வெளியேறியது, நாடு கடத்தப்பட்டிருந்த பணக்காரர்கள் திரும்பி வந்தார்கள், கொரிந்த் மறுபடி ஸ்பார்ட்டா பக்கம் போய்விட்டது.